நாலாவது டப்பா

ஓரிக்கைப் பாலத்துக்குக் கீழே மணலில் இறங்கியதும் எங்கள் பி.டி. மிஸ் இடது காலை ஓங்கி மூன்று முறை மிதித்துப் பார்த்த அந்தக் காலைப்பொழுது இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அந்தக் காலுக்குள் ஓர் இரும்புக் கம்பி. ஸ்கூட்டர் விபத்தில் நொறுங்கிய எலும்பைச் சேர்க்க வைத்தது. "சத்தம் வரல டீச்சர், போலாம்" என்றார். கம்பி என்ன மணியா அடிக்கும் என்று கேட்க வாயெடுத்து, விடிகாலையில் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்போது அதே பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு, நடுவில் காய்கறிக் கடை. அதைத் தாண்டி நடந்தவள் இல்லை. அன்றைக்கு நான் போனது சாட்சியாக.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, பயந்தவர். மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க முடியாதவரை பி.டி. டீச்சராக வைத்துக்கொண்டு நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்பது அவர் கவலை. மாதக்கணக்கில் விடுப்பில் இருந்துவிட்டு மிஸ் திரும்பிய அன்றே, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியை நீட்டினார். மிஸ் வாங்கவில்லை. "ஒரு நாள் பூரா நடந்து காட்டறேன் மேடம். ஓரிக்கையில எறங்கி, ஆத்தோட போயி, தாமல் ஏரிக்கரை வரைக்கும். வழியில நாலு டப்பா இருக்குது. நாலுலயும் கையெழுத்து போட்டு போட்டோ எடுத்தாறேன். ஒண்ணு கொறஞ்சாலும் கிரவுண்டு வேணாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன்." என்ன டப்பா, என்ன கையெழுத்து என்று தலைமையாசிரியைக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மிஸ்ஸின் தம்பி அமெரிக்காவில் இருக்கிறார். லீவு நாட்களில் அங்கே செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் நாள் முழுக்க நடப்பாராம். அப்படி நடக்கிறவர்கள் வழியில் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, இடத்தை மட்டும் செல்போனில் குறித்துவிடுவார்களாம். பின்னால் வருகிறவர்கள் போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. "இதுக்கா நாள் பூரா நடக்கறாங்க?" என்றேன். "நாம மட்டும்? கொளுத்தற வெயில்ல கோயில் கோயிலா சுத்தல?" என்றார். இரண்டு வருடம் முன்பு ஊருக்கு வந்த தம்பி, பாலாற்றோரமாக நாலு டப்பா வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

முதல் டப்பா கரையோரக் கல் இடுக்கில் சீக்கிரமே கிடைத்தது. இரண்டாவது, பட்டுப்போன பனையின் அடியில். அதற்குள் என் செருப்பு வார் அறுந்தது. மிஸ் பையிலிருந்து ஊக்கு எடுத்துக் குத்திக் கொடுத்தார். வெயில் ஏற ஏற ஆறு அடுப்பில் வைத்த சட்டியாகச் சுட்டது. தண்ணீர் இல்லாத ஆற்றில் இவ்வளவு நடக்க இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிஸ் வேகமாக நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. நான் உட்கார்ந்த இடங்களில்கூட அவர் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தால் கால் மடக்கி எழ நேரமாகும், அதை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

மூன்றாவது டப்பாதான் உயிரை வாங்கியது. வெள்ளம் ஒரு பக்கம் அறுத்து, லாரிகள் ஒரு பக்கம் மணலை அள்ளி, அங்கே கரை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. நடுவில் குறுகலான சந்து மாதிரி ஒரு பள்ளம். "இதான் டீச்சர் நம்ம ஊரு பள்ளத்தாக்கு" என்று சொல்லிவிட்டு மிஸ் இறங்கினார். டப்பா மேலே, வேர்களுக்கு நடுவில் இருந்த பொந்தில். ஏறிய முதல் தடவை மண் சரிந்து அப்படியே கீழே வந்து விழுந்தார். இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஐயோ என்று கத்தியது நான்; அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை உருவினார். "போதும் மிஸ், மூணாவது கெடைக்கலன்னு சொல்லிக்கலாம்" என்றேன். அவர் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி பொந்தை அண்ணாந்து பார்த்தார். நாலாவது தடவை ஏறி, ஒரு கையால் வேரைப் பிடித்தபடி, இன்னொரு கையால் பெயர் எழுதினார். கையெழுத்து கோழி கிறுக்கினது போல இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது நான் ஏனாத்தூர்ப் பக்கம் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். அங்கே மாடி ஏறவே சலித்துக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் எப்படித்தான் ஆற்றை விட்டேறி, வயல் வரப்புகளைத் தாண்டித் தாமல் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேனோ தெரியாது. கரைமேல் ஒரு பெரிய வேப்பமரம். போன் அதைத்தான் காட்டியது. மரத்தைப் பார்த்து இரண்டு பேரும் திகைத்து நின்றோம். கிளைக்குக் கிளை டப்பாக்கள். எவர்சில்வர், பிளாஸ்டிக், ஊறுகாய் பாட்டில்கூட. எல்லாவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும். அடியில் கற்பூரம் கொளுத்திய கரி.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். "வேண்டுதலாம்மா? டப்பா வாங்கியாந்தீங்களா?" என்று கேட்டாள். முதலில் தாழ்ந்த கிளையில் ஒரு டப்பாதான் தொங்கியதாம். வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. சாமி காரியம் என்று ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டாவது டப்பா என்துதாம்மா. எம் பொண்ணுக்கு ஏழு வருசமா கொழந்த இல்ல. இங்க கட்டிக்கினு போன மறு மாசமே வயித்துல நின்னுச்சு. அதோ, மஞ்சத் துணி சுத்தி இருக்குது பாரு, அதான் மொத டப்பா. அத மட்டும் யாரும் தொட மாட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஆள் நிற்கும்போதே எப்படித் திறப்பது என்று மிஸ்ஸின் காதில் கிசுகிசுத்தேன். அந்தப் பெண் ஆட்டை விரட்டப் போன நேரத்தில் நானே கிளையை வளைத்து மஞ்சள் துணியில் கைவைத்தேன். மிஸ் பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார்.

"நம்ம தம்பி வச்சதுதானே மிஸ்! யாரு வீட்டு சொத்து?"

"தொறந்தா உள்ள நோட்டும் பென்சிலும்தான் இருக்கும் டீச்சர். அந்தம்மா அத பாக்கணுமா?"

"உங்க வேல போவுமே!"

"போனா போவுது. விடுங்க."

திரும்பி வந்த பெண் மடியிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து நீட்டி, நீயும் கட்டும்மா என்றாள். "நான் வேண்டிக்க வரலம்மா, நடக்க வந்தேன்" என்று மிஸ் சிரித்தார். அத்தோடு கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் நான் வேண்டுமென்றே வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம். பிடிவாதத்தால் மூன்றாவது டப்பாவை எடுத்தவர், அதே பிடிவாதத்தால் நாலாவதைத் தொலைத்துவிட்டாரே என்ற ஆற்றாமை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் கேட்டதும் நான் முந்திக்கொண்டு, "நாலும் கெடச்சுது மேடம், நான் பார்த்தேன்" என்றேன். முப்பது வருட ஆசிரியை வேலையில் கூசாமல் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். "மூணுதான் மேடம்" என்றார் மிஸ். மரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, மைதானப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"சொன்ன சொல்லுக்கு எழுதிட்டேன். எங்கால் நடக்காதுன்னு நெனச்சி நீங்க இத வாங்கக் கூடாது மேடம். ஒரு ஞாயித்துக்கெழம எங்கூட வாங்க. பாத்துட்டு, அப்புறம் எடுத்துக்கங்க."

நான் வெளியே வந்து மரக்கதையைச் சொல்லாமல் விடுவேனா? சாயங்காலத்துக்குள் தலைமையாசிரியையின் காதில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர், புடவைக்குக் கீழே புத்தம் புதிய கேன்வாஸ் ஷூவோடு ஓரிக்கையில் வந்து நின்றார். இரண்டாவது டப்பா வரைக்கும் தம் பிடித்து வந்தார். மூன்றாவது டப்பாவின் பள்ளத்துக்குள் இறங்கியவர், பாதியில் மணலிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மிஸ் மேலேறிப் பெயர் எழுதி இறங்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தக் கடிதத்தை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்கங்க. மொதல்ல என்னை எழுப்பி விடுங்கம்மா."

மிஸ் இடது காலை மணலில் ஊன்றி, ஒரே இழுப்பில் அவரைத் தூக்கி நிறுத்தினார்.