மலை சுற்றும் விளையாட்டு

அண்ணாமலையைச் சுற்றும் பாதையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டர். பாடம் முடிந்ததும் ஒரு கம்ப்யூட்டரை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். 2002-ல் அதில் நானும், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழியும் ஒரு வீடியோ கேம் செய்தோம். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. மலையடி ஊர் ஒன்றில் இஷ்டப்படி வாழலாம். ஆனால் நாம் செய்வதையெல்லாம் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பொய் சொன்னால் டீக்கடையில் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த ஞாபகம் கொஞ்சம் மங்கும்.

எவ்வளவு மங்கலாம் என்பதில்தான் சண்டை. நல்ல பேர் மூன்று பௌர்ணமியில் போய்விடும், கெட்ட பேர் போக பன்னிரண்டு ஆகும் என்று அவள் எழுதிவைத்தாள்.

"இது அநியாயம்டி," என்றேன்.

"எங்க ஊருக்கு வந்து பாரு. பன்னெண்டே கம்மி."

மன்னிப்புக்கும் ஒரு வழி வைத்தோம். பௌர்ணமியன்று ஊரே கிரிவலம் போகும். நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரை வழியில் சந்தித்துப் பேசினால் கெட்ட பேர் அன்றைக்கே தீரும். அந்தப் பகுதியை நான் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் யாரும் யாரையும் சந்திக்கவே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாரையும் வலமாக, ஒரே வேகத்தில் நடக்க விட்டிருந்தேன். முன்னால் போனவர் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேர்ந்து மலை சுத்தறே, இது தெரியலியா? ஒருத்தர் உக்காந்தாதான் இன்னொருத்தர் வந்து சேருவாங்க."

மலைக்கு மறுபக்கம், கிரிவலம் போகிற வழியில் இருக்கும் அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சை அப்படியே வரைந்து வைத்தாள். கேம் சரியாகிவிட்டது.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு இன்டர்வியூவில் அதைக் காட்டினேன். யார் செய்தது என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். வாய்தவறி வரவில்லை, தெரிந்தேதான் சொன்னேன். வேலை கிடைத்தது. மனசு கேட்காமல் அவளிடம் நானே அதைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் அவள் வீட்டில் இல்லை என்றார்கள்.

புது வேலையில் நிறைய நண்பர்கள் கிடைத்தார்கள். அவளைப் போல் என்னைப் பார்த்துச் சிரிக்க ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சென்னையிலிருந்து வந்து, நேராக அடி அண்ணாமலைக்குப் போய், சாயங்காலமெல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஏங்கி ஏங்கிப் பன்னிரண்டும் முடிந்தது.

பதிமூன்றாவதில், சென்டரில் எங்களோடு படித்த ஒருத்தி நடந்து வந்தாள்.

"நீ இங்கியா இருக்கே? அவ சென்டர் படிக்கட்டுல உக்காந்துனு இருக்கா. மூணு பௌர்ணமியா பாக்கறேன். யாருக்குடின்னா சொல்ல மாட்டேங்கறா."

அவள் விதித்த பன்னிரண்டை அவளே பொறுக்கவில்லை. நான்தான் மலைக்கு இந்தப் பக்கம் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலமாகவே போனால், கோயில் பக்கத்துக் கூட்டத்தைத் தாண்டி சென்டருக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். திரும்பி நடந்தேன். "எம்மா, இப்டி போகக் கூடாதுங்க," என்று எதிரே வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரிடமும் தலையாட்டிக்கொண்டே ஓடினேன்.

அவள் படிக்கட்டில்தான் இருந்தாள். எந்தப் பக்கமிருந்து வருகிறேன் என்று பார்த்தாள்.

"இடமா வர்றியேடி, பாவி. இத நாம கேம்ல வெக்கலியே."

'நாம' என்றாள். நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.