கண்ணீர் அஞ்சலிக்கு எடுத்த போட்டோ

போன வருஷம் தை மாதம், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் சாகப் போகிறேன் என்று முழுசாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. தலைக்குச் சாயம் பூசி, ஸ்டுடியோவுக்குப் போய், சிரித்தபடி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் உடனே முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டிவிடுவார்கள். அவசரத்துக்கு ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் போடுவார்கள். அந்த மூஞ்சியோடு தொங்க எனக்கு இஷ்டமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. உடம்பு பாதியாகியிருந்தது. வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. கேன்சர்தான் என்று நானே முடிவு கட்டி, வீட்டில் மூச்சு விடாமல், வழக்கம்போல் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தேன்.

துணி துவைக்கும்போது, சட்டைப்பையில் இருந்த போட்டோ மனைவி கையில் சிக்கியது.

"ஏனுங்க, இந்த வயசுல யாருக்குங்க இந்தப் போட்டோ?"

வேறு மாதிரி நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், ஈரச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?" என்றாள். எனக்கு அன்றைக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரி. எல்லாப் பரிசோதனையும் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது, பெரிய வியாதி ஒன்றுமில்லை என்றார். "சேட்டா, மனசுல எந்தாணு பயம்?" என்று, என்ன பயம் என்பதை மலையாளம் கலந்து கேட்டார்.

நான் மழுப்பினேன். மனைவி முந்திக்கொண்டாள். "யானைங்க டாக்டர். வாழைத் தோட்டத்துல பூந்த நாள்ல இருந்து போனைக் கீழ வெக்கறதில்லீங்க. வாட்ஸ்அப் குரூப்புல எந்த ஊர்ல யானைன்னு வந்தாலும் இவுரு இங்க டார்ச்ச எடுக்கறாருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பயந்தால் ஓடுவதற்காக உடம்பு சில ஹார்மோன்களைச் சுரந்து, சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்குமாம். ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் பயந்துகொண்டே இருந்தால் தூக்கமும் பசியும் கெட்டு, சேர்த்து வைத்த தெம்பெல்லாம் கரைந்துவிடும் என்றார். எனக்குப் பாவமாக இருந்தது, என் உடம்பை நினைத்து.

குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. போட்டோவில் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று மனைவி அதை டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள், மாலை போடவில்லை. இப்போதும் நெஞ்சு படபடத்தால் முதலில் அவளிடம் சொல்லிவிடுகிறேன். வந்தது ஒரே ஒரு யானை. ரெண்டு வாழையைத் தின்றுவிட்டு அன்றைக்கே மலை ஏறிவிட்டது.