பதினான்கு மாதம் பிளாஸ்டிக் கொடுத்த வீடு

"இங்கே வீடு இருக்கே, சேச்சி" என்றார் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து வந்த வினயன்.

வல்சலா திரும்பிப் பார்த்தாள். மூன்று பக்கமும் நீலத் தார்ப்பாய், மேலே தகரம். முன்பக்கம் மட்டும் இடுப்பளவுக்குச் செங்கல் எழும்பி நின்றிருந்தது. அதன் நடுவில் ஒரு கதவு.

"இந்த ஷெட்டையா சொல்றீங்க, சாரே?"

"ஷெட்டு என் கண்ணுக்குத் தெரியுது. நான் சொல்றது வீடு. ரெண்டு மாடி, கார் ஷெட்டு, ஏழு ரூமு."

அவள் கணவன் சோமன் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தான். தகரத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்தான்.

"மாடிப்படி எந்தப் பக்கம் சாரே? இத்தனை நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

வினயன் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் அவர் நிற்கும் இடம் நீலப் புள்ளி. அதன் மேலேயே ஒரு பச்சை வீடு. தொட்டால் எழுத்து வந்தது: புத்தன்புரைக்கல் மத்தாயி, வார்டு ஒன்பது, வீட்டு எண் 112.

வீடில்லாதவர்களுக்கு அரசு கட்டித்தரும் வீட்டுக்கு வல்சலா மனுக் கொடுத்து ஆறு வருடம். மாவுங்கத்தடம் பஞ்சாயத்துப் பட்டியலில் இந்த முறை அவள் பெயர் முப்பத்தெட்டாவது. மொத்தம் நாற்பத்தொரு பெயர். வெள்ளிக்கிழமை மாலையோடு பட்டியல் மூடுகிறது. அதற்குள் வினயன் ஒவ்வொருவர் இடத்திலும் நின்று போனில் படம் எடுக்க வேண்டும். இங்கே வீடு இல்லை என்று போன் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று புதன்கிழமை.

"நீங்க கண்ணால பாத்தாச்சே, சாரே. அது போதாதா?"

"என் கண்ணுக்கு இதுல பட்டன் இல்லையே, சேச்சி."

வல்சலாவுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போனாள். தோட்டத்தில் மரம் வெட்டிய வருடம் முந்திரி உடைக்கப் போனாள். விரல் தோல் உரிந்து அதுவும் நின்றது. பிறகு கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவினாள். நான்கு வருடம் முன்பு பஞ்சாயத்து அவளுக்கு ஒரு பச்சைக் கோட்டும் ஒரு போனும் கொடுத்தது. வீடு வீடாகப் போய்க் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்க வேண்டும். கூட வருவது செலின், இவளைவிடப் பத்து வயது இளையவள், நாக்கு நீளம்.

ஒன்பதாம் வார்டில் இருநூற்று ஐம்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கை அளவில் ஒட்டிய ஒரு மெல்லிய கியூஆர் தகடு. போனை அதன் முன் பிடித்தால் டிங் என்று சத்தம் வரும், வீட்டுக்காரர் பெயர் வரும். முதல் வாரம் வல்சலா டிங் வராத வீடுகளின் முன் ஏதோ திருட வந்தவள் போல நின்றாள். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. நாய் வீடு, கிணற்று வீடு, நர்ஸ் வீடு என்று அவள் வைத்திருந்த அடையாளங்கள் போய், எண்கள் வந்தன. பள்ளி வாத்தியார் குரியன் மாஷ் போன மாதமே கொடுத்தாயிற்று என்று சத்தம் போட்டபோது, "போன்ல இல்லேன்னா இல்லதான் மாஷே" என்று சொல்லும் அளவுக்கு வந்தாள். மாஷ் உள்ளே போய்ப் பார்த்தார். மூட்டை கட்டியபடியே படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அதற்குப் பிறகு போன் சொல்வதை வல்சலா சந்தேகப்பட்டதில்லை.

இப்போது அது அவள் வாசலில் ஏழு அறை வீடு இருக்கிறது என்கிறது.

வினயன் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். அவர் இந்தப் பஞ்சாயத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். மத்தாயி யார், அந்த வீடு எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வல்சலாவுக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். வீடு இருப்பதாகவே ஆகும். வீடு இருந்தால் பெயர் இருக்காது.

அவள் கதவைத் திறந்து உட்பக்கத்தைக் காட்டினாள்.

"சாரே, இதுவா இருக்குமோ?"

கதவின் உட்புறம், மழை படாத இடத்தில், கியூஆர் தகடு துடைத்துவைத்தது போல இருந்தது. எண் 112.

வினயன் பைக்கை விட்டு இறங்கினார். "இது எப்படி இங்கே வந்தது?"

"கதவோட வந்தது."

"கதவு?"

"அன்னம்மச் சேடத்தி கொடுத்தாங்க. மத்தாயிச் சேட்டனோட பெண்சாதி."

இந்தத் தகட்டை ஒட்டியவளே வல்சலாதான். முன்வாசல் கதவில் ஒட்டப் போனபோது அன்னம்மா மறித்துக்கொண்டு நின்றார். மேலே இயேசுவின் திரு இருதயப் படம் இருந்தது. "ஈசோவுக்குக் கீழே குப்பைக் கணக்கா? அந்தப் பக்கத்துக் கதவுல ஒட்டு, போ." வல்சலா பக்கக் கதவில் ஒட்டினாள். பிறகு எல்லா வீட்டிலும் வாசித்த தாளை அங்கேயும் வாசித்தாள்: இதை நீக்குவதும் சிதைப்பதும் தண்டனைக்குரியது.

மத்தாயி இறந்தார். மகன்கள் அயர்லாந்திலிருந்து வந்து, பழைய வீட்டை இடிக்க ஆள் விட்டு, அம்மாவைத் தங்களோடு கூட்டிப் போக ஏற்பாடு செய்தார்கள். செதுக்கு வேலை செய்த முன்கதவைக் கொச்சிக்காரன் ஒருவன் வண்டி வைத்து எடுத்துப் போனான். பக்கக் கதவை யாரும் கேட்கவில்லை. அதுவரை வல்சலாவின் வாசலில் தொங்கியது ஒரு பழைய சேலை. கேட்டாள். "எடுத்துட்டுப் போ மோளே, ஆஞ்ஞிலி மரம், உன் காலத்துக்கும் இருக்கும்" என்றார் அன்னம்மா. மறுநாள் அவருக்கு விமானம்.

"சரி, தகட்டை உரிச்சிருக்கலாமே" என்றார் வினயன்.

"உரிக்கக் கூடாதில்லையா, சாரே?"

"வீடுதான் போயாச்சே."

"வீடு போனா உரிக்கலாம்னு தாள்ல இல்ல."

வினயன் போனில் எதையோ தேடினார். அவர் நெற்றி சுருங்கியது.

"இந்த வீடு மாசாமாசம் பிளாஸ்டிக் கொடுத்திருக்கே. போன ஒண்ணாம் தேதிகூட. பதினாலு மாசம்."

சோமன் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு உள்ளே போனான்.

"அது நான்தான், சாரே" என்றாள் வல்சலா. "ஸ்கேன் ஆகலேன்னா வார்டுல சிவப்புப் புள்ளி விழும். பூட்டியிருக்குன்னு மூணு மாசம் போட்டா மீட்டிங்ல எழுப்பி நிறுத்துவாங்க. இடிச்சாச்சுன்னு போட அப்போ அதுல வழியே இல்ல. எங்க ஷெட்டுக்கு நம்பர் கிடையாது, எங்க பிளாஸ்டிக்கையும் எங்கேயும் சேர்க்க முடியாது. அதனால..."

"அதனால?"

"எங்க பையை இந்தக் கதவுல சேர்த்துட்டேன். தப்புன்னு தோணல. இப்போ தோணுது. எது தப்புன்னுதான் தெரியல."

வினயன் செங்கல் மேல் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்கேனும் அவள் நின்ற இடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறது. பதினான்கு முறை குறித்ததில் வீடு இங்கே நகர்ந்து வந்துவிட்டது. நீக்க முடியுமா என்று அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டார். முடியும். இப்போது புதிதாக வழி வந்திருக்கிறது. ஆனால் தகட்டை முதலில் ஒட்டிய இடத்தில் நின்று ஸ்கேன் செய்ய வேண்டும். செய்ய வேண்டியவர் அந்த வார்டில் பிளாஸ்டிக் சேகரிப்பவர்.

"அதாவது நானா?"

"நீங்கதான்."

"என்மேல புகார், விசாரிக்கிறதும் நானா?"

"விசாரணை இல்ல சேச்சி. சும்மா... சரி, விசாரணைதான்" என்றார் வினயன்.

மறுநாள் காலை செலின் வந்து கதவைப் பார்த்தாள்.

"போட்டோ எடுத்துட்டுப் போய் அங்கே வச்சு ஸ்கேன் பண்ணுவோம். இதுக்கு எதுக்குக் கதவு?"

"நாலாம் வார்டு ரமணி, வீட்ல உக்காந்துக்கிட்டு மொத்த வார்டையும் போட்டோவுல ஸ்கேன் பண்ணினாள்ல. அதுலேர்ந்து போன் படத்தை ஏத்துக்காது."

"தகட்டைப் பிச்சு எடுத்துக்குவோம்."

சோமன் அதற்குள் கத்தி முனையை ஓரத்தில் விட்டிருந்தான். வல்சலா அவன் கையைத் தட்டிவிட்டாள். "கிழிஞ்சா அவ்வளவுதான். புதுசுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும். மத்தாயிச் சேட்டன் கல்லறையிலேர்ந்து எழுந்து வருவாரா?"

சோமன் கீல்களைக் கழற்றினான். அவனுக்குப் பெயின்ட் வேலை இருந்தது, கிளம்பிவிட்டான். வல்சலா முன்னால், செலின் பின்னால், இருவரும் கதவைத் தலையில் ஏற்றினார்கள். ஒரு கிலோமீட்டர் மேட்டுச் சாலை. பச்சைக் கோட்டுக்குள் வியர்வை வழிந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு வரலாம் என்று செலின் சொன்னாள். வேலை நேரத்தில் கோட்டு இல்லாமல் ஸ்கேன் செய்யக் கூடாது என்றாள் வல்சலா.

டீக்கடை பாப்பச்சன் வெளியே வந்தார்.

"பிளாஸ்டிக் தீந்து மரத்துக்கு வந்தாச்சா? என் பெஞ்சு ஒண்ணு இருக்கு, கழுவிக் காயவச்சுத் தரட்டுமா?"

"பாப்பச்சன் சேட்டா, உம்ம கடை வடையை முதல்ல கொடுங்க, அதுதான் மக்காத சரக்கு" என்றாள் செலின்.

"கதவு யார் வீட்டுது?"

வல்சலா பதில் சொல்ல வாயெடுத்தாள். மத்தாயி வீட்டுது. தன் வீட்டுது. எதுவும் முழுசாக வரவில்லை. "வார்டு வேலை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புத்தன்புரைக்கல் வீடு நின்ற பறம்பில் இடுப்பளவுக்குக் காட்டுச்செடி. கிணறு மட்டும் இருந்தது. வீடு எங்கே நின்றது என்று வல்சலாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மாமரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, பக்கக் கதவு இருந்த இடம் என்று ஒன்றைத் தேர்ந்தாள். செலின் கதவை நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். வெட்டவெளியில் ஒரு கதவு நின்றது.

"உள்ளே வரலாமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் செலின்.

"சும்மா பிடி."

டிங்.

புத்தன்புரைக்கல் மத்தாயி, 112. கீழே புதிய வரி: வீடு தற்போது இல்லை. தொட்டாள். இடத்தைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தாள். படத்தில் கதவு விழுந்தது, செலினின் விரல்களும் விழுந்தன. வீட்டின் பகுதி தெரிகிறது, மீண்டும் எடுக்கவும் என்றது. கதவைச் சாய்த்து வைத்துவிட்டு வேறு பக்கம் எடுத்தாள். அடுத்து அவள் முகத்தைக் கேட்டது. போனைத் தூக்கிப் பிடித்தாள். முகம் பொருந்தவில்லை.

"நான்தான்" என்றாள் வல்சலா போனிடம்.

மீண்டும். பொருந்தவில்லை. நேற்றுவரை இல்லாத வீட்டை இருக்கிறது என்றது. இன்று இருக்கிற அவளை இல்லை என்கிறது. இது எப்போது சரி சொல்கிறது, எப்போது தவறு சொல்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? செலின் தன் கோட்டின் முனையால் அவள் முகத்தைத் துடைத்தாள், தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். ஈர முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்போ சிரிக்காம பாரு. ஐடி கார்டுல எப்படி முழிச்சுக்கிட்டு இருக்கியோ அப்படி."

டிங்.

கதவை மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்தாள். இந்த எண்ணில் வீடு இல்லை என்று வந்தது. இருநூற்று ஐம்பத்திரண்டு இருநூற்று ஐம்பத்தொன்றானது.

வெள்ளிக்கிழமை காலை வினயன் வந்து ஷெட்டைப் படம் எடுத்தார். போன் இந்த முறை ஒத்துக்கொண்டது. ஆனால் மூன்று மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். இல்லாத வீடு பதினான்கு மாதம் பிளாஸ்டிக் கொடுத்தது எப்படி என்று அது கேட்கிறது. சேகரித்தவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை அவள் சம்பந்தப்பட்ட எல்லாம் மஞ்சள் நிறம், நிலுவை. முப்பத்தெட்டாவது பெயரும் மஞ்சள்.

"என்ன எழுதணும், சாரே?"

"நடந்ததை."

"எழுதினா வேலை போகுமா?"

"தெரியல."

"எழுதலேன்னா?"

"அஞ்சு மணிக்குப் பட்டியல் மூடிடும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். பேனாவை எடுத்தாள். மத்தாயியின் பெயரால் ஆரம்பித்தாள், அடித்தாள். கதவிலிருந்து ஆரம்பித்தாள், அது அன்னம்மாவின் விமானம் வரை போனது, அதையும் அடித்தாள். கடைசியில் இரண்டே வரி எழுதினாள். வீடு இல்லை. பிளாஸ்டிக் என்னுடையது. கீழே பெயரையும் வார்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வினயன் இரண்டு முறை வாசித்தார்.

"இதுல எந்த வீட்டைச் சொல்றீங்க, சேச்சி?"

"இல்லாத வீட்டை."

"ரெண்டும் இல்லாததுதானே?"

வல்சலா யோசித்தாள். "ஒண்ணு இடிச்சது, சாரே. ஒண்ணு இன்னும் கட்டாதது."

அவர் தாளைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார். ஒரு சக்கரம் சுற்றியது. மின்சாரம் ஒருமுறை மினுக்கியது. சக்கரம் நின்று மறுபடியும் சுற்றியது. முப்பத்தெட்டாவது வரி பச்சையானது. அதற்குப் பக்கத்தில் விளக்கம் பரிசீலனையில் என்று இன்னொரு வரி, அது மஞ்சளாகவே இருந்தது.

"வந்துடுச்சா?"

"வீடு வந்துடுச்சு. மத்தது வரும்."

மற்றது என்றால் எது என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போகலாமா, இன்னும் இருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. வரிசையில் அடுத்து நின்றிருந்தவர் அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.