பாலம் கடந்து போன சீதன உறுதி

எழுபதுகளின்ரை தொடக்கம், ஒரு ஆவணி மாதம். பருத்தித்துறையிலை நான் காணி உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசாகப் பெயர்ப்பலகை கொழுவி மூண்டு கிழமைதான். ஒரு மூத்த நொத்தாரிசிட்டை வருசக்கணக்காத் தொழில் பழகி, சோதினை பாஸ் பண்ணி, பிணை குடுத்து, சத்தியம் செய்து வாங்கின அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்கை தொங்கிச்சுது. அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டனே ஒழிய, ஒழுங்கா வாசிக்கேல்லை.

முதல் வேலை ஒரு சீதன உறுதி. கலியாண வீடு தொண்டைமானாற்றுப் பாலத்துக்கு அங்காலை. பொம்பிளையின்ரை தகப்பன் ஒரு தோட்டக்காரர். வீட்டையும் காணியையும் மகளுக்கு எழுதுறார். உறுதி முடிஞ்சால்தான் தாலி ஏறும் எண்டு மாப்பிள்ளை பகுதி சொல்லிப்போட்டினம். முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. வேலை வந்த புழுகத்திலை நானும் ஓடிப்போனன்.

ரெண்டு சாட்சிகளையும் இருத்தி, உறுதியை உரக்க வாசிச்சன். எந்த இடத்திலை வைச்சுக் கையெழுத்து எண்டு நான் எழுதி உறுதிப்படுத்தவேணும். ஊர்ப்பெயரை எழுதப்போன கை அப்பிடியே நிண்டிட்டுது. என்ரை பத்திரம் பருத்தித்துறைப் பகுதிக்கு மட்டும். பாலத்துக்கு அங்காலை எனக்கு அதிகாரமே இல்லை. எழுதினால் பத்திரம் பறிபோகும், இடத்தை மாத்தி எழுதினால் பொய், எழுதாட்டில் அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் நிண்டுபோம்.

வேர்த்து வடிய உண்மையைச் சொன்னன்.

"உவரும் ஒரு நொத்தாரிசோ?" எண்டு மாப்பிள்ளையின்ரை தாய்மாமன் சீறினார். பொம்பிளையின்ரை தகப்பனும் ஏசப்போறார் எண்டு தலையைக் குனிஞ்சன். அவர் சால்வையை உதறித் தோளிலை போட்டார்.

"பாலம் என்ன கொழும்பிலையோ இருக்கு? எழும்புங்கோ தம்பி."

ரெண்டு பேர் மேசையைத் தூக்க, தகப்பன், சாட்சிகள், மாமன் எண்டு எல்லாரும் பாலத்தாலை நடந்தம். என்ன விசயம் எண்டு விளங்காத மேளக்காரரும் வாசிச்சுக்கொண்டே பின்னாலை வந்திட்டினம். அக்கரையிலை, என்ரை பகுதிக்குள்ளை, ஒரு பூவரசு நிழலிலை மேசையை வைச்சு, திரும்ப முழுக்க வாசிச்சன். காத்து இழுத்த தாள்களை அதே மாமன்தான் ரெண்டு கையாலையும் அமத்திப் பிடிச்சார். தகப்பன் கையெழுத்து வைக்க, மேளக்காரர் கெட்டிமேளமே அடிச்சிட்டினம். மாமன் கூடச் சிரிச்சிட்டார்.

தாலி நேரத்துக்கு ஏறிச்சுது. மற்ற ரெண்டு மகள்மாருக்கும் உறுதி எழுத அந்தத் தகப்பன் என்னட்டைத்தான் வந்தார். "இந்தமுறை மேசை கொண்டு வரேல்லைத் தம்பி" எண்டார்.

இண்டைக்கும் உறுதியிலை இடப்பெயரை எழுதேக்கை, பிழைவிட்ட என்னை ஏசாமல் கலியாண வீட்டையே கூட்டிக்கொண்டு என்னோடை நடந்த அந்த மனிசரை நினைக்காமல் நான் பேனை வைக்கிறேல்லை.