சுவருக்குள் இருக்கும் நீர்

அக்கா மருத்துவமனையில் புற்றுநோயாளருக்குக் கதிர்ச்சிகிச்சை அளிப்பவள். இயந்திரம் இயங்கும்போது தடித்த கொங்கிரீட் சுவரொன்றின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்பாள். அந்தச் சுவருக்குள் நீர் இருக்கிறது என்று டூங்கபியில் எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்தபடி நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"விசர்க்கதை கதைக்காத."

"ஓம் அக்கா. சீமெந்தோட சேர்ந்து இறுகின தண்ணி. எக்ஸ் கதிர்களைப் பாரமான கல் மறிக்கும். நியூட்ரோனை மறிக்கிறது கூட அந்தத் தண்ணிதான்."

"அப்ப நெருப்புப் பிடிச்சா?"

கொங்கிரீட்டைச் சோதிக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கும் அதே கேள்வி வந்திருந்தது. தீ விபத்தில் நின்றுபிடித்த சுவரை மீண்டும் நம்பலாமா என்று, மருத்துவமனை கட்டுவோர் அறிக்கை கேட்டிருந்தார்கள்.

பாரமான கல் கலந்த கொங்கிரீட் கட்டிகளை உலையில் சுட்டோம். ஈரம் புகாத பெட்டியில் அவை கொள்ளாததால், வெள்ளிக்கிழமை மேசையிலேயே ஆறவிட்டுப் போனோம். வாரயிறுதி முழுவதும் மழை. திங்களன்று நிறுத்தபோது, நீர் போயிருந்தால் குறைய வேண்டிய அளவுக்கு எடை குறைந்திருக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்ல, கெட்டி லா! அறிக்கையை அனுப்பிடலாம்," என்றார் மலேசியாவிலிருந்து வந்த சக ஆய்வாளர்.

எனக்கு அது விளங்கவில்லை. அவ்வளவு சூட்டில் நீர் எப்படித் தங்கியது? கட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. கொதிநிலையைச் சற்றே தாண்டிய சூட்டில் மறுபடி உலர்த்தினோம். எடை இறங்கியது. சீமெந்தோடு பிணைந்த நீர் அத்தனை எளிதில் போகாது. வெடிப்புகள் வழியே காற்றிலிருந்து ஏறிய ஈரமே இப்போது போனது; பிணைந்த நீர் உலையிலேயே போயிருந்தது.

"அப்போ நாம எடை போட்டது மழையை லா!" அவர் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

கட்டியோ உடையவில்லை, தட்டினால் கல்லின் ஓசைதான் கேட்டது. தீக்குப் பின் சுவர் முழுதாக நின்றாலும், கதிர்க்கசிவை அளக்காமல் அதன் பின்னால் எவரையும் அமர்த்தக்கூடாது என்று எழுதினோம். அறையைப் பூட்டினால் சிகிச்சை தள்ளிப்போகும் நோயாளரை நினைத்து, இன்னொரு வரியும் சேர்த்தேன்.

வீட்டில் அக்கா அறிக்கையைக் கடைசி வரிக்கு முன்புவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அளந்து முடியுமட்டும் சனம் எங்க போறது?"

"அதுக்குத்தான், அளக்கிற ஆளையும் மாற்று இடத்தையும் முதலே ஒழுங்கு பண்ணச் சொல்லியிருக்கு."

அவள் அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எங்கட இடத்தில அப்பிடி ஒழுங்கு இருக்கோ தெரியேல்லை. நாளைக்குப் போய்க் கேக்கிறன்."