மூக்குத்தித் திருடனைப் பஸ்ஸில் கண்டுபிடித்தேன்

இன்று விராலிமலையில் மின்கம்பம் நடும் வேலையைப் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். கையில் வாரப் பத்திரிகை. ஹாஸ்டல் நண்பர்களே, அதில் நம் பலகாரக்கடை ஆச்சி துப்பறியும் கதைகள் இனி வராதாம். அதே எழுத்தாளர் மயில்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாராம்.

"மயிலைப் பத்தி எவன்யா படிப்பான்?" என்று கண்டக்டரிடம் எரிந்து விழுந்தேன்.

முன் சீட்டு அம்மாள் திரும்பினார். "நாந்தான் தம்பி எழுதுறேன். ஏன், படிக்க மாட்டீங்களா?"

வெட்கப்பட நேரமில்லை. ஹாஸ்டலில் நாம் ஆச்சியின் முதல் கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, ஒருவன் வாசிக்க மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டோமே, அதைச் சொன்னேன். கடைசி வாரத் தாளில் மட்டும் உங்களில் எவனோ கடலை மடித்துவிட்டதால் திருடன் யாரென்று தெரியாமலே போனதையும் சொன்னேன்.

"வைர மூக்குத்திய எடுத்தது யாருங்க? சமையல்காரர்தானே?"

அம்மாள் சிரித்தார். "பாவம், அந்த மனுசனையா இத்தனை வருசமா சந்தேகப்பட்டீங்க? கொல்லையில மேஞ்ச மயில் தம்பி. முழுங்கிருச்சுன்னு எழுதிட்டேன். நெசமாவே முழுங்குமான்னு பாக்க விராலிமலைக்கு வந்தவ, இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"முழுங்குமா?"

"அதுக்குத்தான் கட்டுரையப் படிங்கங்கிறேன்."

படிக்கத்தான் போகிறேன், வேறு வழி?

ஒவ்வொருவராகச் சுற்றிவரும் நம் கையெழுத்து இதழ் உங்கள் கைக்கு வரும்போது, கீழே காலியாக விட்ட இடத்தில் ஒன்றை மட்டும் எழுதுங்கள்: அந்தக் கடலையைத் தின்றது யார்?