இரண்டாவது வளைவின் ஈரம்

போக்னாவைப் பற்றி எங்கள் ஒல்ஷூவெக்கில் யாரிடம் கேட்டாலும் "டீமுக்குக் குழி பறிச்சவ" என்பார்கள். அவள் குழி பறிக்கவில்லை, குழியை மூடினாள். ஆனால் ஊர் வாயை அடைக்க என்னால் முடியாது. இருபத்தாறு வருடம் அந்த மைதானத்துக் கோபுரத்தில் மைக் பிடித்தவன் நான். அன்று நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. கேட்டுவிட்டுத் திட்டுவதென்றால் என்னையும் சேர்த்தே திட்டுங்கள்.

போக்னா திரோஸ்தெக் எங்கள் மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்தைப் பராமரிப்பவள். சுரண்டுவது, தண்ணீர் விடுவது, உருளை ஓட்டுவது எல்லாம் அவள்தான். அப்பாவுக்குப் பிறகு டிராக்டர் சாவி அவள் கைக்கு வந்தது. தடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். செருப்புக் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவாள். எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

தடம் என்பது இந்த விளையாட்டில் பாதி வெற்றி. ஒரு பந்தயத்துக்கு நாலு பைக், அணிக்கு இரண்டு, எதற்கும் பிரேக் கிடையாது, வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எங்கே ஈரம், எங்கே இறுக்கம் என்று தெரிந்தவன் பறப்பான். தெரியாதவன் பின்னால் வந்து மண் தின்பான். அதனால் லீக்கில் ஒவ்வொரு ஊரும் தன் தடத்தைத் தன் ஆட்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி சமைத்து வைக்கும். உள்ளூரில் அறுபதுக்கு முப்பது என்று ஜெயிப்பது, வெளியூர் போய் அதே கணக்கில் உதை வாங்குவது. இதைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? எட்டாவது பந்தயத்திலேயே முடிவு தெரிந்துவிடும். மீதி ஏழும் சும்மா புகை.

இதற்கு அளவுகோல் போக்னாவின் புருஷன் ராய்முந்த். எங்கள் ஜனங்கள் எல்லாரும் போட்டி அட்டையைப் பேனாவால் நிரப்புவார்கள், யாருக்கு மூன்று, யாருக்கு இரண்டு, யாருக்கு ஒன்று, யாருக்குச் சைபர் என்று. ராய்முந்தும் இரண்டாவது வளைவுக்கு எதிரே, மூன்றாம் வரிசையில், மடங்காத வலது காலை நீட்டிக்கொண்டு எழுதுவான். ஆனால் ஒரு அணியால் இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்த நிமிஷம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திவிடுவான். "ராய்முந்த் மூடிட்டாரு" என்று ஒரு குரல் கேட்கும். மூன்று வரிசை எழுந்து வீட்டுக்குப் போகும். சாசேஜ் விற்கும் பெண் அவனைச் சபிக்காத ஞாயிறே கிடையாது.

அந்தக் கால் மடங்காமல் போனது எங்கள் தடத்தில்தான். 1983இல் ராய்முந்த் எங்கள் ஆள் இல்லை. எதிரணிக்காக ஓட வந்த இருபது வயதுப் பையன். போக்னாவுக்கு இருபத்திரண்டு, தண்ணீர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதைய பயிற்சியாளர் சொன்னார் என்று இரண்டாவது வளைவின் உள்பக்கம் ஊற ஊறத் தண்ணீர் விட்டாள். எங்கள் ஆட்கள் வெளிப்பக்கமாகவே போனார்கள். ராய்முந்துக்கு யாரும் சொல்லவில்லை. சறுக்க வேண்டிய பின்சக்கரம் ஈர மண்ணில் திடீரென்று பிடித்து, பைக் நேராகப் பாய்ந்து பலகை வேலியில் மோதியது.

மூன்றாம் நாள் போக்னா ஆஸ்பத்திரிக்குப் போய், "நான்தான் தண்ணி விட்டேன்" என்று அழுதிருக்கிறாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "கடைசியில ஸ்கோர் என்னாச்சு?"

"அறுபத்தொண்ணு, இருபத்தொம்பது."

"இவ்ளோ வித்தியாசமா? அடிப்பாவி, தண்ணி விடாமலே ஜெயிச்சிருப்பீங்களே!"

அடுத்த வருடம் கல்யாணம். அதற்குப் பிறகு போக்னா எவன் சொல்லியும் எங்கும் ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக விட்டதில்லை. விளைவு? வெளியூரிலும் தோற்றோம், உள்ளூரிலும் தோற்றோம்.

2003 செப்டம்பர் கடைசி ஞாயிறு. சீசனின் கடைசிப் போட்டி, ஸலேசின் அணியோடு. நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும், சமநிலை போதாது. ஜெயிக்காவிட்டால் லீக்கிலிருந்து வெளியே. பணம் தரும் செங்கல் சூளைக்காரர் வெளியே போன அணிக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதாவது கிளப்பே இருக்காது. மே மாதம் ஸலேசின்காரர்கள் தங்கள் சேற்றுத் தடத்தில் எங்களை அறுபத்து மூன்றுக்கு இருபத்தேழு என்று துவைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த இருபத்தேழு எங்கள் பயிற்சியாளர் கிளெமென்ஸின் தொண்டையில் முள்ளாக நின்றது.

போட்டி மூன்று மணிக்கு. நான் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு பன்னிரண்டரைக்கே கோபுரத்துக்கு வந்து மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கீழே போக்னா கோயிலுக்குப் போட்ட நீல உடையும் வெள்ளைச் செருப்புமாகத் தடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். இரண்டாவது வளைவில் நின்றாள். குதிகாலை ஊன்றினாள். கால் கணுக்கால்வரை உள்ளே போனது, இழுத்தபோது செருப்பு சேற்றிலேயே நின்று வெறும் கால்தான் வெளியே வந்தது.

படி ஏறி வந்தபோது அவள் கையில் சேறு சொட்டும் செருப்பு.

"நாம பூசையில இருந்தப்ப கிளெமென்ஸ் குழாயைத் திறந்து விட்டிருக்கான். மேல காஞ்ச பொடியைத் தூவி மூடியிருக்கான். பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"ரெஃப்ரிகிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா போட்டியே நடத்தாம அவங்களுக்கு நாப்பது, நமக்கு சைபர்னு எழுதிட்டுப் போயிடுவாரு. கிளப்பு இன்னைக்கே காலி. சொல்லாம விட்டா, சின்னப் பசங்க ஓடற ரெண்டாவது ரேஸ்ல அந்த ஊருப் பையன் எவனாவது வேலிக்குப் போவான்." மூச்சு வாங்கினாள். "மேல இருக்கறதைச் சுரண்டி எடுத்துட்டு, கொட்டகையில இருக்கற காஞ்ச கல்பொடியைக் கொட்டி உருட்டணும். நாப்பது நிமிஷம் வேணும். ரெஃப்ரி ஒரு மணிக்கு வந்து தடம் பார்ப்பாரு. நீங்க எப்படியாவது அவரைப் பிடிச்சு வைங்க அண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. கிளெமென்ஸ் மேல் வந்ததா இவள் மேல் வந்ததா என்று இன்றும் தெரியாது. எனக்கும் கிளப் வேண்டும். அந்தக் கோபுரத்தை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

டிராக்டர் கிளம்பியது. கிளெமென்ஸ் குறுக்கே ஓடிவந்து நின்றான். ஜன்னல் திறந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அக்கா, வண்டியை நிறுத்து! அவனுங்க நமக்குச் செஞ்சதைத்தானே நான் செய்யறேன்? அவனுங்க தடத்துல நம்ம பசங்க விழலியா?"

"விழுந்தாங்க. அதுக்கு?"

"அதுக்குன்னா? ஊரு முழுக்கத் தெருவுல நிக்கப் போவுது, உனக்கு உன் புருஷன் காலுதான் பெருசாப் போச்சா?"

"ஆமாடா, அதுதான் பெருசு. தள்ளு. தள்ளலைன்னா மேல ஏத்திடுவேன், இன்னைக்கு எனக்கு நிதானம் இல்ல."

அவன் தள்ளினான்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ரெஃப்ரி வந்துவிட்டார், வாசலிலேயே மடக்கிக் கோபுரத்துக்குக் கூட்டிவந்தேன். மெலிந்த உடம்பு, சீவிய தலை, கையில் அளவு நாடா. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி நாற்காலியைப் போட்டேன். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த முட்டைக்கோஸ் கறியைச் சூடாக்கி வைத்தேன். அதில் கிடந்த காளானைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. பிடித்துக்கொண்டேன். இந்த வருடம் எந்தக் காட்டில் காளான், எந்த மரத்தடியில், உப்பில் ஊறப்போடுவதா வினிகரில் போடுவதா என்று இருபது நிமிஷம் ஓட்டினேன்.

திடீரென்று கரண்டியை வைத்தார். "அது என்ன டிராக்டர் சத்தம்?"

"பக்கத்து வயல்ல உருளைக்கிழங்கு தோண்டறாங்க சார்."

"ஞாயித்துக்கிழமையா?"

செத்தேன் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொடுகிறவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். "அதை ஏன் கேக்கறீங்க," என்றேன், "சாமியாரு காதுக்குப் போனா அடுத்த வாரம் பிரசங்கமே அவன் மேலதான். நீங்க சொல்லிடாதீங்க. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். தெரிந்துதான் நீட்டினாரோ என்னவோ, நான் கேட்டதில்லை. ஒன்றே முக்காலுக்கு நாடாவோடு கீழே இறங்கினார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வளைவில் குனிந்தார், விரலால் தோண்டினார், விரலை முகர்ந்து பார்த்தார். எழுந்து கையெழுத்துப் போட்டார். வேலியோரம் போக்னா ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவது பந்தயத்தில் ஸலேசினின் நோர்பெர்த், பத்தொன்பது வயது, அந்த வளைவில் உள்பக்கமாகவே பாய்ந்தான். பைக் ஒரு குலுக்கல் குலுங்கியது. மைக்கில் நான் பேச மறந்தேன். நிமிர்ந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் காலத்தில் பார்த்ததில்லை. சேறும் இல்லை, சூதும் இல்லை என்றதும் இரண்டு அணியும் ஒரே எடை. மூன்று போட்டால் மூன்று திரும்ப வந்தது. நாங்கள் இரண்டு முன்னே, அவர்கள் இரண்டு முன்னே. ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. சாசேஜ் தீர்ந்துபோய் வெறும் ரொட்டிக்கு வரிசை நின்றது. பத்தாவது பந்தயத்தில் ராய்முந்த் பேனாவை உதறுவது தெரிந்தது, மை தீர்ந்துவிட்டது போல. பக்கத்தில் இருந்தவன் தன் பேனாவைக் கொடுத்தான். பதினாலு பந்தயம் முடிந்தபோது நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு.

கடைசிப் பந்தயத்துக்கு அன்று நன்றாக ஓடினவர்களை அனுப்புவார்கள். எங்கள் சில்வெஸ்தெர் முதலில் கிளம்பினான், அவர்கள் ஆள் ஒருவன் இரண்டாவது, எங்கள் இன்னொருவன் மூன்றாவது, நோர்பெர்த் கடைசி. அப்படியே முடிந்தால் நாற்பத்தாறு, நாற்பத்து நாலு. நாங்கள் பிழைத்தோம். மூன்று சுற்று அப்படியே போனது. கிளெமென்ஸ் வேலி மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தான். பத்தாயிரம் பேர் கத்தினார்கள்.

நாலாவது, கடைசிச் சுற்று, இரண்டாவது வளைவு. எங்கள் ஆட்கள் எல்லாரும் காலையில் கிளெமென்ஸ் தங்கள் காதில் ஓதியிருந்தபடி அங்கே வெளிப்பக்கமாகவே போனார்கள். போக்னா சரிசெய்துவிட்டாள் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை, ஒத்துக்கொண்டால் ரோஷம் என்ன ஆவது? உள்பக்கம் காலியாகக் கிடந்தது. நோர்பெர்த் அதில் நுழைந்தான். போக்னா உருட்டிவைத்த இறுக்கத்தில் சக்கரம் கச்சிதமாகச் சறுக்க, எங்கள் ஆளைக் கையளவு தூரத்தில் முந்தி மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டான்.

நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. அதை மைக்கில் சொன்னது நான்.

யார் சொன்னார்களோ, பத்து நிமிஷத்தில் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. போக்னா டிராக்டர் பக்கத்தில் நிற்க, போகிறவர்கள் காறித் துப்பிக்கொண்டு போனார்கள். சின்ன வயதில் அவள் அப்பா கையிலிருந்து மிட்டாய் வாங்கித் தின்றவர்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது அந்த நோர்பெர்த் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. ஒன்றும் தெரியாத பிள்ளை.

"அக்கா, நீங்கதான் தடம் போட்டவங்களா? ரெண்டாவது வளைவுல உள்பக்கம் சூப்பரா வச்சிருந்தீங்க! அங்கதான் பிடிச்சேன். உங்க ஆளுங்க ஏன் அதை விட்டுட்டாங்கன்னே புரியல."

போக்னா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் திரும்பி நடந்து பஸ்ஸில் ஏறும்வரை அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது.

ராய்முந்த் கம்பை ஊன்றி மெல்ல வந்து சேர்ந்தான். போட்டி அட்டையை அவளிடம் நீட்டினான். பதினைந்து கட்டமும் நிரம்பியிருந்தது.

"இந்தாடி," என்றான். "தண்ணி விட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

அவள் அப்போதுதான் அழுதாள். அவன் இரவல் பேனாவை மூடி, கொடுத்தவனைத் தேடிக்கொண்டு போனான்.